பூட்டு, ஆரஞ்சு, குடை

"பூட்டு, ஆரஞ்சு, குடை" என்று பஸ்ஸில் ஏழாவது தடவையாக அம்மாவைச் சொல்ல வைத்தாள் மகள். ட்யூஷன் டீச்சர் அவள். ஃபெயிலாகப் போகிற பிள்ளையையும் தேற வைத்துவிடுவாள் என்று தெருவில் பேர். மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் இந்த மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது அம்மாவுக்கு ஆரஞ்சு மட்டும்தான் வந்தது. அன்றைக்கே டீச்சர் மூன்றையும் குறித்துக்கொண்டாள்.

மறதிநோய் என்று எழுதிவிட்டால் அம்மாவை இனித் தனி வீட்டில் விடக்கூடாது என்பார்கள். தம்பி வெளிநாட்டில். அப்புறம் யார் தலையில் விடியும்? அவளுடையது இரண்டே அறை வீடு, மாலையானால் பதினெட்டுப் பிள்ளைகள். பாசம் இல்லாமல் இல்லை. அம்மா தன் வீட்டுக்கு வர வேண்டாம், அவ்வளவுதான். இதை இப்படிப் பச்சையாக அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

டாக்டர் சின்னப் பெண். தேதி கேட்டாள், கிழமை கேட்டாள். அம்மா டாண் டாண் என்று சொன்னாள். எல்லாம் பஸ்ஸில் படித்தது. பிறகு டாக்டர், "சீப்பு, ரயில், ரோஜா. ஞாபகம் வச்சுக்கோங்கம்மா" என்றாள். கேள்வித்தாளை மாற்றுவார்கள் என்பது, டீச்சராம் டீச்சர், அவளுக்குத் தோன்றவே இல்லை!

ஐந்து நிமிடம் கழித்து டாக்டர் கேட்டதும், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "பூட்டு, ஆரஞ்சு, குடை" என்றாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. சரிதானே என்று மகளைப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்ல சொல்லிக்கொடுத்தீங்களா?"

அம்மாதான் முந்திக்கொண்டாள். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். அவ நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தா. என் மண்டையிலதான் ஏறல."

"கூட வந்தவங்ககிட்ட தனியா கேக்கணும்னு எங்க வழிமுறையில இருக்கு. அம்மா கொஞ்சம் வெளிய உக்காரட்டும்" என்றாள் டாக்டர். போன தடவை அம்மாவின் மறதி பற்றி டீச்சர் நிரப்பிய படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை நீட்டினாள். "யாரும் உங்கள திட்டப்போறதில்ல. நெஜத்த எழுதுங்க. அப்பத்தான் அவங்களுக்கு என்ன வேணும்னு பாக்க முடியும்."

முதல் கேள்வி: அடுப்பை அணைக்க மறக்கிறாரா? அடி கருகிய மூன்று பாத்திரங்களை அவளே யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டிருந்தாள். 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது. கதவுக் கண்ணாடி வழியே அம்மா தெரிந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி, உதடு அசைய, மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள்.