டெஸ்மண்டின் கல்லறையில் அம்மா

லவீனியா முதலில் பார்த்தது அந்தக் குழந்தையின் கால் விரல்களைத்தான்.

பாரம்பரிய தினம். கேப்டவுன் கடற்கரைப் புல்வெளி முழுக்க அடுப்புப் புகை. பாசிமணி கட்டிய ஸோஸா இனப் பெண்கள் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இந்த மண்ணு எல்லாருக்கும் சொந்தம்!" என்று ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தேவாலயப் பெண்களின் கடையில் லவீனியா தணல்மேல் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மகள் மெர்ல் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு துண்டு. முள்ளு இல்லாம," என்றது குழந்தை. வைக்கோல் நிறத் தலைமுடி, நீலக் கண். வெறுங்காலில் நின்றது. இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம்வரை ஒட்டியிருந்தன.

லவீனியாவின் கை அப்படியே நின்றது. படகிலிருந்து இறங்கி ஈரக் காலோடு வரும் அப்பாவுக்கு அதே விரல்கள். அண்ணன் டெஸ்மண்டுக்கும் அதே விரல்கள்.

"யாரோட வந்தே கண்ணு?"

"தாத்தாவோட. அதோ."

தட்டைத் தானே எடுத்துக்கொண்டு குழந்தையின் பின்னால் போனாள். "அம்மா, மீன் கருகுது!" என்று மெர்ல் கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்தது.

வெள்ளையர் ஆண்ட அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆளை நிறம் பார்த்து அட்டையில் எழுதிவைக்கும். லவீனியா பிறந்த ஃபோர்ட்டுயின் குடும்பத்தார் எல்லாருக்கும் 'கலப்பினம்'. டெஸ்மண்டுக்கு மட்டும் வெளுத்த தோல், நேரான முடி. 'வெள்ளையர்' என்ற அட்டையை அவன் எப்படியோ வாங்கிவிட்டான். ரயில்வேயில் வேலை கிடைத்தது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கிடைத்தாள். ஆனால் வீட்டுப் பக்கம் தலை காட்டினால் எல்லாம் போய்விடும். ஒரு பையோடு கிளம்பினவன் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தார் துருவித் துருவிக் கேட்டபோது, "கடல்ல போயிட்டான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பொய் நிலைக்க வேண்டுமே என்று பிணமில்லாத குழியை மூடிக் கல்லும் நட்டாள். ஞாயிறுதோறும் அங்கே போய் நிஜமாகவே அழுதாள். லவீனியாவும் கூட நின்று அழுதிருக்கிறாள். கடைசியில் எது பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது செத்தவன் மீன் தட்டை வாங்கக் கை நீட்டினான்.

"டெஸ்ஸி அண்ணே," என்றாள்.

"மன்னிக்கணும்மா, நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க."

குழந்தை அலையைப் பார்த்து ஓடியது. அது தூரம் போகும்வரை காத்திருந்துவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்: "அம்மா எப்படி இருக்கா?"

"போய்ச் சேர்ந்துட்டா. அப்பா அதுக்கு முன்னாடியே."

"எங்க வெச்சீங்க அம்மாவ?"

"உன் குழியிலதான். காலியாத்தானே கெடந்துது."

அவர் கையிலிருந்த தட்டு சரிந்து மீன் மண்ணில் விழுந்தது.

"உன் பேருக்குக் கீழ அவ பேரு. உன்ன விட்டுத் தள்ளி வெக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா," என்றாள் லவீனியா. அவரைக் குத்த வேண்டும் என்றுதான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"கல்யாணமாகி இப்ப உன் குடும்பப் பேரு என்ன?" என்று கேட்டார்.

"யாஃப்தா. டெலிபோன் புத்தகத்துல இருக்கு. இன்னும் அதே சர்ச்சுதான்."

குடை பிடித்தபடி வெள்ளைக்கார மனைவி வந்தாள். "யாருங்க இது?"

லவீனியா காத்திருந்தாள். அட்டைகள் எல்லாம் செல்லாமல் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இனி யார் அவரை என்ன செய்ய முடியும்? ஒரு வார்த்தை போதும்.

"மீன் கொண்டுவந்த அம்மா," என்றார் அவர்.

கடைக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"யாரும்மா அவரு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே."

"எங்கண்ணன்."

மெர்ல் சிரித்தாள். "கடல்ல செத்தவரா? வெயில் ஏறிடுச்சு உனக்கு. வா, நிழல்ல உக்காரு."

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தபோது நாற்காலிகள் இருந்த இடத்தில் நசுங்கிய புல்தான் கிடந்தது.

அதன்பிறகு லவீனியா வீட்டில் மத்தியான வேளைகளில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் வரும். முதல் தடவை "பேசு, இல்லன்னா வெச்சிடு" என்று திட்டினாள். அந்தப் பக்கம் வைக்கவில்லை. அவளுக்கும் வைக்க மனம் வரவில்லை. அடுத்த தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பா படகை விற்றதைச் சொன்னாள். பிறகு அம்மாவின் கடைசி நாட்களை, கொஞ்சம் கொஞ்சமாக.

மெர்ல் வாசலில் நின்று ஒருநாள் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் யாருகூடப் பேசுறே?" என்றாள். லவீனியா கையசைத்து அவளை உள்ளே போகச் சொன்னாள்.

மறுமுனையில் இருமல் கேட்டது. நெஞ்சைப் பிய்க்கும் வறட்டு இருமல்.

"இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணி குடி," என்றாள் லவீனியா. "போ. குடிச்சிட்டு வா. நான் இருக்கேன்."