முன்கூட்டியே வந்த தண்ணீர்

அணையின் சுவரை உயர்த்த முடியுமா என்று ஆராய்வதற்குப் பணம் ஒதுக்கிய அன்று, அணைக்கு மேலே சரிவில் இருந்த தையல்காரியின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து நின்றது. மழை இல்லை, குழாய் எதுவும் உடையவில்லை. கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வாசலைத் தாண்டவில்லை. சுவர் உயர்ந்தால் அந்தத் தெரு முழுவதும்தான் மூழ்கும்; ஆனால் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் அவசரப்படவில்லை. ஒரே ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஊர்களின் கூட்டத்தில் ஓட்டு சரிபாதியாக நின்றபோது, ஆய்வுக்கு ஆதரவாகக் கடைசியில் கை தூக்கியவள் தையல்காரியின் தங்கை, அதனால்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தங்கை அந்தக் கூட்டத்தில், அணைக்குக் கீழே இருந்த கீழூரின் உறுப்பினர். அங்கே குழாயில் காற்றுதான் வந்தது. பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவள் பஸ் பிடித்து வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவின் எதிரில் நின்றாள்.

"வெறும் ஆய்வுதான்க்கா. அதுக்குள்ள இப்படியா?"

"துணியில கோடு போட்டாச்சுன்னா பாதி வெட்டின மாதிரிதான்டி," என்றாள் அக்கா, தண்ணீருக்குள் மெஷினை மிதித்தபடி.

"அங்க பிள்ளைங்க தவிக்குதுங்க. நான் வேற என்ன பண்றது?"

"நீ பண்ணது தப்புன்னு சொல்லலையே. எனக்கு வலிக்குதுன்னுதான் சொல்றேன்."

தப்பு என்று அக்கா சொல்லியிருந்தால் தங்கை சண்டையாவது போட்டிருக்கலாம். அழுதுகொண்டே போனவள் அப்புறம் வரவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

ஆய்வுக்குக் காலம் போதவில்லை என்று மேலும் மேலும் பணம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் தண்ணீர் ஏறியது. பார்க்க வந்த நிபுணர் இடுப்பளவு நனைந்துவிட்டு, சுவரில் லேசான ஈரக்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார். பம்பு வைத்து இறைத்தும் பார்த்தார்கள். வெளியே கொட்டியது தரையைத் தொடுமுன் இல்லாமல் போனது. கீழூருக்கு அதில் ஒரு குடம்கூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் தையல்காரியின் தலைக்கு மேல் ஏறிய வருடம் அவளுடைய வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

ஆறாவது வருடம் முடிவு வந்தது: பழைய சுவர் பாரம் தாங்காது, உயர்த்த வேண்டாம். தங்கை ஓடி வந்தாள். வாசலில் நின்று, "அக்கா, கட்டலையாம்! வெளிய வந்துடுக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே அக்காவின் உதடுகள் அசைந்தன. எதுவும் கேட்கவில்லை. இவள் சொன்னதும் அவளுக்குக் கேட்கவில்லை. தங்கை உள்ளே கை நீட்டியபோது, அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். அவளுக்கு இப்போது வெளிக்காற்று ஒத்துக்கொள்ளாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தங்கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் வடியவில்லை. தங்கை வாரம் தவறாமல் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் உள்ளிருந்து ஒரு சட்டை மிதந்து வந்தது, புதிதாகத் தைத்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தங்கையின் அளவு. இப்போதைய தோளில் தொளதொளவென்று தொங்கியது. அதையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சட்டை அன்றும் காயவில்லை, அதற்குப் பிறகும் காயவில்லை. கண்டக்டர் அவளைக் கண்டால் ஜன்னலோர சீட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு டிக்கெட் கிழிக்கிறார்.