இடது கன்னத்து நிழல்

வேட்பாளரின் முகம் இன்னும் வெளுக்க வேண்டும் என்று அவருடைய ஆட்கள் இரண்டாவது முறையாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஷதா கணினி முன்னால் உட்கார்ந்து அந்த முகத்தின் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி அவள் கணவன் ஃபலாஹ் கடைசி வாய்த் தேநீரைக் குடித்தான்.

"வைத்தியம் போதும் டாக்டரம்மா. இதுக்கு மேல வெளுத்தா ஆளுக்குப் பதிலா தயிர்க்கட்டியத்தான் தொங்கவிடணும்."

"அவங்க கேக்குறாங்க, நான் வெளுக்குறேன். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? என் அடையாள அட்டையப் பாத்துட்டு சோதனைச் சாவடிப் போலீஸ்காரன், 'இது உன் தங்கச்சியா'ன்னு கேட்டானே, அத யார்கிட்ட சொல்லி அழ?"

அவள் சிரித்தாள். ஏற்கெனவே அச்சாகியிருந்த பதாகைகளையும் இரும்புச் சட்டங்களையும் அவன் வண்டியில் ஏற்றினான்.

"கதவ மூடிட்டுப் போங்க, புழுதி வருது" என்றாள்.

அவன் மூடாமலே போனான்.

ஈராக்கின் நாசிரியாவில் எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் ஜெனரேட்டர் மின்கம்பிகள்தான், வானத்தைப் பின்னிக்கொண்டு கிடக்கும். ஃபலாஹ் தூக்கிப் பிடித்த இரும்புச் சட்டம் அவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டது. ஓடி வந்தவன் அவன் தம்பி ஸப்ரி. திறந்து கிடந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாலைக்குள் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸாப் பெட்டியைக் காரின் கூரையில் கட்டி அடக்கம் செய்ய நஜஃபுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஷதா பெண்களோடு வீட்டில் இருந்தாள்.

மறுநாள் அஸர் தொழுகை நேரத்துக்குத் துக்கப் பந்தல். அந்த ஊரில் தெருமுனையில் இறந்தவர் படம் இல்லாமல் பந்தல் எழும்பாது. படத்துக்கென்று ஒரு முறையும் உண்டு. முகத்தை வெட்டியெடுத்து, கடையில் தயாராக இருக்கும் நீலக் கோட்டின் மேல் வைத்து, பின்னால் மேகம் போடுவார்கள். அந்தப் பேட்டையில் செத்தவர்கள் எல்லோரும் ஒரே கோட்டைத்தான் உடுத்தியிருந்தார்கள். அதை மாட்டிவிட்டவர்கள் ஷதாவும் ஃபலாஹும்.

"அண்ணி, நீங்க எழுந்திரிக்க வேணாம்" என்றான் ஸப்ரி. "அடையாள அட்டைப் படம் இருக்குல்ல, அதப் பக்கத்துக் கடையில குடுத்துப் பெருசாக்கிடுறேன்."

"அது வேணாம் ஸப்ரி. அது அவரில்ல."

சின்ன வயதில் மணல் ஈ கடித்துப் புண்ணாகி ஆறியதில் ஃபலாஹின் இடது கன்னத்தில் ஒரு குழி இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு எங்காவது அப்படி ஒன்று இருக்கும். கடைக்கு வரும் படங்களில் முதலில் அதைத்தான் அழிப்பார்கள். யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் இந்த வேலையை ஷதா அவன் முகத்தை வைத்துத்தான் பழகினாள். அந்த அட்டைப் படத்தில் குழியும் இல்லை, அவனுடைய நிறமும் இல்லை. மூலப் படத்தை அன்றைக்கே அழித்தாயிற்று. அதற்குப் பிறகு அவன் ஊரையெல்லாம் படம் எடுத்தான். அவனை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்.

வீட்டின் முன்னறைதான் கடை. அழ வந்த பெண்களை விட்டு எழுந்துபோய்க் கேமராவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். போன வாரக் கல்யாணத்து மாப்பிள்ளை ஒருவன் முடிதிருத்தும் கடையில் முகத்தில் நுரையோடு நண்பர்களுக்கு நடுவே இளித்துக்கொண்டிருந்தான். பின்னால் சுவர்க்கண்ணாடியில், கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கறுப்பு உருவம். தலைக்குப் பின்னால் குழல்விளக்கு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

ஃபலாஹ்தான். அதை வெட்டியெடுத்து, கண்ணாடிப் படம் என்பதால் இடம் வலம் மாற்றினாள். பிறகு இருட்டைத் தூக்கினாள். முதலில் காது வந்தது. அப்புறம் மூக்கின் விளிம்பு. இன்னும் தூக்கியபோது சாம்பலுக்குள்ளிருந்து வருவதுபோல் இரண்டு கண்களும் வந்தன. யாரோ சொன்ன எதற்கோ சிரிக்கப்போகிற கண்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் கொட்டின, அவற்றைத் துடைத்தாள். மேலும் வெளிச்சம், மேலும். கடைசியில் முழு முகமும் நிலவுபோல் வந்துவிட்டது. கோட்டை மாட்டி, மேகம் வைத்து அச்சுக்கு அனுப்பினாள்.

மை காய்வதற்குள் மாமி, ஃபலாஹின் உம்மா, வந்து நின்றாள்.

"யாரு இது?"

"உம்மா, அண்ணன்தான்" என்றான் ஸப்ரி. "எவ்வளவு அழகா வந்திருக்கு பாரேன்!"

"எம்புள்ள கன்னத்துல என் விரல் போய் உக்காரும். இதுல எங்க உக்காரும்?"

ஷதா திரையைப் பார்த்தாள். குழியை அவள் தொடவே இல்லை. ஆனால் குழி என்பது கன்னத்தில் விழுந்த கொஞ்சம் நிழல், வேறொன்றும் இல்லை. வாடிக்கையாளர் முகத்துக்கு ஏற்றுவதுபோலவே இவனுக்கும் வெளிச்சத்தை ஏற்றியிருந்தாள். நிழல் நிரம்பிப்போய்விட்டது. முதல் வருடத்தில் செய்ததையே மறுபடியும் செய்திருந்தாள், இந்த முறை ஆசையால்.

கேமராவிலிருந்த படத்தை மறுபடி திறந்தாள். இப்போது கொஞ்சமாகத்தான் தூக்கினாள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை அதிகமாக்கினாள். குழி வந்தது. ஆனால் அது நின்றால் வலது கண் இருட்டுக்குள் போனது. கண்ணை மீட்டால் குழி போனது. பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. கண்ணை விட்டுவிட்டாள்.

"அண்ணி, பாதி முகம் கரியாட்டம் இருக்கு" என்றான் ஸப்ரி. "கோட்டும் இல்ல. ஊர்ல நாலு பேரு என்ன சொல்வாங்க? ஊருக்கெல்லாம் பவுடர் பூசினவன், பொண்டாட்டி அவனுக்கு மட்டும் கரி பூசிட்டான்னுதான?"

"சொல்லட்டும்."

"நஜஃப்லேருந்து மாமாங்கல்லாம் வர்றாங்க..."

"ஸப்ரி, வாய மூடு" என்றாள் மாமி. "அவ புருஷன். அவ போடட்டும்."

பதாகைத் துணி தீர்ந்துபோயிருந்தது. வேட்பாளரே ஒரு சுருளைத் தின்றிருந்தார். மிஞ்சிய துண்டில் முகம் மட்டும் அடங்கியது. அச்சு இயந்திரம் கோடு கோடாக அதை வெளியே தள்ளியது. நெற்றி, இடது கண், கன்னம். மாமி காயும்வரைக்கும் காத்திருக்கவில்லை. விரலை வைத்தாள். விரல் நுனி கறுத்தது.

ஸப்ரி அதைத் தெருமுனைக்குக் கொண்டுபோனான். இரும்புச் சட்டத்தில் அடிக்கவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டினான். வந்தவர்களில் சிலர், யார் படம் என்று அவனிடமே கேட்டார்களாம். எல்லோரிடமும், "அண்ணன்" என்றானாம்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து ஷதா வெளியே வந்தபோது கோடை முடிந்திருந்தது. தேர்தலும் முடிந்திருந்தது. தெருமுனைப் படத்தில் வெயில் முதலில் மஞ்சளைத் தின்றிருந்தது, பிறகு சிவப்பை. உதடு போய்விட்டது. தோலின் நிறம் வெளிறி நீலமாகியிருந்தது. கறுப்பு மை மட்டும் வெயிலுக்கு அசைவதில்லை. இடது கன்னத்தில் குழி இருந்தது.