கோட்டைத் தாண்டாதவள்

லாரி மோதி இறந்துபோன நர்ஸ், அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் நைட் டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் பொறுமையில்லாமல் ஹாரனை அழுத்தினார், சத்தம் வரவில்லை. சாலையோரத்து இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே பிசகாமல் வந்தவள், கோடுகள் வளைகிற இடத்தில் தானும் வளைந்து, வளைவின் நடுவில் இல்லாமல் போனாள். அப்புறம் தினமும் அப்படித்தான்.

அந்த வளைவு வந்த விதம் வெட்கக்கேடு. புறநகரில் சைக்கிள்காரர்களுக்கும் கார்க்காரர்களுக்கும் வாய்த்தகராறு முற்றி, கண்ணாடி உடைந்து, சட்டை கிழிந்து, கடைசியில் போலீஸ் தலையிட்டுச் சைக்கிளுக்கென்று தனியாக இரட்டைக் கோடு போடச் சொன்னது. கோடு போட வந்த அன்று பல் டாக்டரின் கார் ஓரமாக நின்றது. டாக்டர் வெளியூரில். பெயிண்ட் கலக்கியாகிவிட்டதே, யார் காத்திருப்பது? காரைச் சுற்றி நடுரோடு வரைக்கும் வளைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டாக்டர் வந்து காரை எடுத்துக்கொண்டார், வளைவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நேராகப் போனவர்களை ஏட்டு மடக்கி, “கோடு என்ன அழகுக்கா போட்டிருக்கு?” என்று அபராதம் போட்டார். நர்சும் ஒருமுறை மாட்டினாள். சொன்னதை அப்படியே கேட்கிற சுபாவம் அவளுக்கு. அப்புறம் அவள் கோட்டைத் தாண்டவே இல்லை, எதிரே லாரி வந்த அன்றும்.

அவள் கணவர் தையல்காரர். தினமும் காலையில், கழுத்தில் கிடக்கும் டேப்பைக்கூட எடுக்காமல் வளைவுக்கு எதிரே வந்து நிற்பார். “ஒரு தடவை திரும்பிப் பாரேம்மா” என்று கெஞ்சுவார். அவள் கண் கோட்டின் மேலேயே இருக்கும். பார்க்காவிட்டால் போகிறது, வருகிறாளே என்று அவர் மனதைத் தேற்றிக்கொள்வார். அவளை ஒட்டிப்போன கார்களுக்குள் ஆஸ்பத்திரி மருந்து வாசனை ஏறி, எத்தனை கழுவினாலும் போகவில்லை. உயிரில்லாதவளுக்கு ரோட்டில் எதற்கு இடம் என்று கார்க்காரர்கள் ஸ்டேஷனில் சண்டைக்கு நின்றார்கள். உயிரைக் கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறாள் என்றார்கள் சைக்கிள்காரர்கள். ஏட்டு ஒருநாள் துணிந்து விசில் ஊதினார். அவள் பணிவாக ஒரு காலை ஊன்றி நின்றாள். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவர் அன்றே லீவு போட்டுவிட்டார்.

கோட்டை நேராக்கிவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் முடிவெடுத்தார். பெயிண்ட்காரர்கள் வந்தபோது தையல்காரர் தன் கடை ஸ்டூலை வளைவின் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இதை அழிச்சிட்டா அவ எந்த வழியா வருவா?” பெண்டாட்டியை இழந்த மனுஷனை யார் கையைப் பிடித்து இழுப்பது? திரும்பிப் போனார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடியும் ஸ்டூல். மாதங்கள் ஓடின. இதற்கிடையில் அதே வளைவில் ஒரு வாத்தியாருக்குக் கால் முறிந்தது.

தையல்காரரின் மகளுக்கு, அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சாப்பிடும்போது சொன்னாள்: “அப்பா, திங்கக்கிழமையிலேர்ந்து நானும் அந்த வளைவுலதான் போகணும். அம்மா வரணும்னு என்னையும் அனுப்பி வைக்கப் போறீங்களா?”

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவினார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், “அழிச்சிடுங்க சார்” என்றார். வளைவின் மேல் கறுப்புப் பெயிண்ட் பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். வாய்விட்டு அழுதார். அவளை இரண்டாவது தடவையாகத் தானே அனுப்பிவைப்பதாகத்தான் அவருக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை ரோட்டுப் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை. மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. நர்ஸ் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

“எவ்வளவு நேரமா அந்த வளைவுலயே சுத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா? வீட்டுக்கு வரவே விடலைங்க” என்றாள்.

யார் விடவில்லை என்பதை அவர் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. “வந்துட்டேல்ல, படு” என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பகலெல்லாம் உள்ளறையில் தூங்குகிறாள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மெதுவாகப் பேசுகிறார்கள்.