சாப்பிட யாராவது வர்றீங்களா

காலையில் வந்ததும் ஹைமாவதிக்கு முதல் வேலை, விடை கிடைக்காமல் போன தேடல்களைப் படிப்பது. ஹைதராபாத் ராய்துர்கத்தில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம். அதன் ஊழியர்கள் தினம் தட்டித் தேடுகிற தேடுபெட்டி அவள் பொறுப்பு. எதைத் தட்டி ஒன்றுமே வரவில்லையோ, அது மறுநாள் அவள் திரையில் வந்து நிற்கும். எழுத்துப் பிழையோடு சம்பளச் சீட்டைத் தேடியவர்கள், மேனேஜரைத் திட்டி ஒரு வரி தட்டி மனசை ஆற்றிக்கொண்டவர்கள், அப்பப்பா, மனுஷர்கள் எதையெல்லாம் ஒரு பெட்டியிடம் போய்க் கேட்கிறார்கள்! தேவைப்பட்டால் அவள் ஒரு விடையைக் கையால் எழுதி மேலே நிறுத்திவைப்பாள். அடுத்த முறை அதே சொல்லைத் தட்டினால் அதுதான் முதலில் வரும்.

அவள் குழுவில் மற்ற எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. இவள் மட்டும் கூகட்பல்லியிலிருந்து மெட்ரோ ஏறி வருவாள். விவாகரத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஆபீசிலும் இல்லைதான், ஆனால் இங்கே காலி நாற்காலிகளாவது இருக்கின்றன. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் முழுப் பகலும் போய்விடுகிற நாட்கள் உண்டு. அது அவளைத் தின்றது. யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம் ஒரு புது விதி வந்தது. யார் எதைத் தேடினார்கள் என்று தெரியக்கூடாது என்று பெயர்களை எல்லாம் மறைத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள்தான் அந்த வரி முதல் தடவையாகக் கண்ணில் பட்டது. தெலுங்கை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள்: 'சாப்பிட யாராவது வர்றீங்களா?'

விளையாட்டு என்று தள்ளிவிட்டாள். மறுநாளும் வந்தது. சனி, ஞாயிறு தவிர தினமும், மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, ஒருநாள் சற்று முன்னே, ஒருநாள் சற்றுப் பின்னே. விடை: ஒன்றுமில்லை. இதே கட்டடத்தில் இன்னொரு பாவப்பட்ட ஜீவன், கேட்க வேறு நாதியில்லாமல் இந்தப் பெட்டியைக் கேட்கிறது. பெயர் மறைந்த தைரியத்தில் கேட்கிறது! ஆணோ பெண்ணோ, யாராக இருந்தால் என்ன? சேர்ந்து உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வெளியே தெரிந்தால் மானம் போகும். இருந்தாலும் புதன்கிழமை சாயங்காலம் அந்த வரிக்கு ஒரு விடையை எழுதி மேலே நிறுத்தினாள்: 'நான் வர்றேன். வியாழக்கிழமை ஒரு மணி, கேன்டீன், ஜன்னல் ஓர மேஜை.'

வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்து கத்தரிக்காயில் மசாலா அடைத்து வதக்கினாள். புளிச்சகீரையில் அரைத்த கோங்குரா பச்சடி தனி டப்பாவில். சோறு இரண்டு பேருக்கு. நல்ல காட்டன் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். ஒரு மணிக்கு முன்பே மேஜையைப் பிடித்து, மடிக்கணினியை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அத்தனை பேரும் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தார்கள்.

கைப்பேசி அடித்தது. விசாகப்பட்டினத்திலிருந்து கணினிகளைக் கண்காணிக்கிற நூகராஜு.

"ஹைமாவதி காரு, உங்க தேடுபெட்டிக்கு என்னங்க பேய் புடிச்சிருக்கு? இங்க அலாரம் காதக் கிழிக்குது!"

"என்ன ஆச்சு?"

"தேடல் உயிரோட இருக்கான்னு பாக்க வேலை நாள்ல தினம் நம்ம சோதனை தானா ஓடுதில்ல? ரெண்டு கேள்வி கேக்கும். ஒண்ணுக்கு விடை வந்தே தீரணும், இன்னொண்ணுக்கு வரவே கூடாது. இன்னிக்கு அதுக்கும் வந்திருக்கு. யாரோ நான் வர்றேன்னு எழுதி வெச்சிருக்காங்க. எந்தப் புண்ணியவானோ!" சிரித்தான்.

"அந்தக் கேள்வி... என்னது?"

"சாப்பிட யாராவது வர்றீங்களான்னு. நான் சேர்ந்த புதுசுல எழுதினதுங்க. கம்பெனியில எந்தக் காகிதத்துலயும் இருக்காத வாசகமா ஒண்ணு வேணும்னாங்க. அப்ப மெஸ்ஸுல தனியாக் கெடந்து சாவேன், அதான் வாயில வந்துச்சு."

"என் பட்டியல்ல முன்னாடி வந்ததில்லையே?"

"இயந்திரம் கேட்டதுன்னு பேர வெச்சுத்தான வடிகட்டினோம். இப்ப பேரே இல்லையே. உங்களுக்கு ஆள் கேட்ட மாதிரிதான் வரும்."

பெட்டிக்குள்ளிருந்து அழைத்தது ஆளில்லை, ஒரு கணினி நிரல். அதற்குத்தான் அவள் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அழுகை முட்டியது.

"எழுதினது நான்தான், நூகராஜு."

"நீங்களா? சரி விடுங்க, எடுத்துடுங்க. காரணம்னு ஒண்ணு நான் போடணும். சோதிச்சுப் பாத்தீங்கன்னு போட்டுடறேன், யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம். யாரோ ஒரு ஆள் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். அப்படியே போடுங்க."



"இங்க குடுத்திருக்கற காரணங்கள்ல அது இல்லீங்களே," என்றான் மெதுவாக. "'இதர'ன்னு போட்டுடறேன்."

மடிக்கணினியைத் திறந்து தன் விடையை அழித்தாள். அவன் அந்தப் பக்கம் சோதனையை மறுபடி ஓட்டுகிற தட்டல் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் வரலீங்க," என்றான் நூகராஜு. "இப்ப எல்லாம் சரியா இருக்கு."