ஒரே பெயரில் ஒன்பது பேர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஈப்போவில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் தேவன், ரசம் வரும் நேரம் பார்த்துத் தன் கணினிச் சர்வரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எழுந்து ஓடியிருப்பேன், பாயசம் இன்னும் வரவில்லை.

ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்தினால் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அளவு வைக்க வேண்டுமாம். ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள்தான் ஓடலாம், இத்தனை கோப்புகள்தான் திறந்திருக்கலாம் என்று. இல்லாவிட்டால் ஒருவரே எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்.

"யாரு எவ்வளவு திங்கிறான்னு மெஷினுக்குத் தெரியாது லா. பேரு மட்டும்தான் தெரியும்" என்றார்.

அந்த வாக்கியத்துக்காக உட்கார்ந்துவிட்டேன். பாயசத்துக்காகவும்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "சுங்கை சிப்புட் ரப்பர் மரங்களின் மேல் பனி மெல்ல"

வேண்டாம். அங்கே இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டம். பனியை நான் பார்த்ததும் இல்லை.

இரண்டாம் முயற்சி: மாலை நாலு பத்துக்குக் கலாதேவியின் திரையில், "இப்போது இயலாது" என்று வந்தது.

இது பரவாயில்லை. கலாதேவிக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விற்றுப்போன ஒரு தோட்டத்தின் அறுபத்து மூன்று லயத்து வரிசை வீடுகளுக்கு மாற்று வீடு கேட்கும் பட்டியலை அவள்தான் ஐந்து மணிக்குள் வீட்டு வசதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவளோடு சேர்த்து ஒன்பது தொண்டர்கள் தட்டச்சு செய்து முடித்துவிட்டார்கள். அனுப்பும் கட்டளையைத்தான் சர்வர் ஏற்கவில்லை.

3

அந்த ஒன்பது பேருக்கும் ஒரே லாகின்: 'தோட்டம்'. சர்வரை நடத்தும் தேவன் ஆளுக்கொரு பெயர் தரத்தான் பார்த்தார். "நாம எல்லாம் ஒரே குடும்பம், தனித்தனிப் பேரு எதுக்கு?" என்று கூட்டத்தில் கைதட்டி மறுத்துவிட்டார்கள். (நானாக இருந்தாலும் கைதட்டியிருப்பேன். எவ்வளவு அழகான பேச்சு!)

ஆக, மெஷினுக்கு ஒன்பது பேரும் ஒரே ஆள். ஒரே ஆளுக்கான அளவு: இருநூறு வேலைகள்.

அன்று அவர்களில் ஒருவனான ரூபன் அடையாள அட்டைப் படங்களைச் சிறிதாக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். வரிசையாக அல்ல, எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில். ஓட விட்டு, திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டு, தே தாரேக் டீ குடிக்கப் போனான். இருநூறும் அதிலேயே நிரம்பிவிட்டது. படங்கள் முடிய ஏழு மணி ஆகும்.

(முதலில் ரூபனை வில்லனாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் உதவத்தான் வந்தான்.)

4

"சர்வரையே அடைச்சு மறுபடி போட்டுடலாமா, கா?" என்றான் திரும்பி வந்த ரூபன்.

"அதுல டயாலிசிஸ் சென்டர் கணக்குப் பேரேடும் ஓடுது. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை, பாரு. நம்மளை அளந்து வச்சிருக்கிறதாலதான் அவங்க பிழைச்சாங்க" என்றாள் கலாதேவி.

தேவன் அன்று ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப்பக்கம், கடலில். போன் கிடைக்கவில்லை.

கலாதேவியிடம் மிஞ்சியிருந்தது ஏற்கெனவே திறந்திருந்த ஒரே ஜன்னல். புதிதாக எதையும் தொடங்க அது மறுத்தது. ஆனால் சில கட்டளைகள் அந்த ஜன்னலுக்குள்ளேயே பிறந்தவை. அவற்றுக்குத் தனி வேலை தேவையில்லை. அளவு என்னவென்று கேட்பது அதில் ஒன்று. கேட்டாள். இருநூறு. விடாப்பிடியாக வேறு விதமாகக் கேட்டாள். முந்நூறு.

எல்லை ஒன்றல்ல, இரண்டு. உள் எல்லையைப் பயனரே வெளி எல்லைவரை தள்ளிக்கொள்ளலாம். வெளி எல்லையைத் தேவன் மாதிரி ஆள்தான் உயர்த்த முடியும்.*

உள் எல்லையை இருநூற்றைம்பது என்று தட்டினாள். ஜன்னல் மூச்சுவிட்டது. ஓடும் வேலைகளைப் பட்டியலிட்டு, ரூபனின் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஒன்பது பேரின் வேலையில் ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

"இவ்ளோ நாளா இது நம்ம கையிலயா இருந்துச்சு?" என்றாள்.

* அவசரத்தில் கட்டளையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அதனால் அந்த ஜன்னலுக்கு வெளி எல்லையும் இருநூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டது. அதை நாமே இறக்கலாம், திரும்ப ஏற்ற முடியாது. தேவன் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அடுத்த பகுதியில்.

5

முடிவு அ: பட்டியல் போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பொய்யில்லை, ஆனால் போதாது. அனுப்புமுன் அவள் நாற்பத்தொன்றாம் எண்ணில் நின்றாள். அது அவள் வீடு. அங்கே இரண்டு குடும்பங்கள்: அண்ணன் அர்ச்சுனனுடையது ஒன்று, கலாதேவியும் அவள் இரண்டு பெண்களும் இன்னொன்று. பட்டியலில் அண்ணன் பெயர் மட்டும். ஒரு கதவுக்கு ஒரு வீடு என்று வீட்டு வசதி அதிகாரி சொன்னபோது, முதலில் கைதூக்கிச் சம்மதித்தவன் அர்ச்சுனன்தான்.

"எங்க பேரையும் தனியாப் போடவா, அண்ணே?" என்று பக்கத்தில் நின்ற அவனிடம் கேட்டாள்.

"சூசா லா, சிரமம், கலா. பட்டியலையே திருப்பி அனுப்பிட்டா? அறுபத்து மூணு வீடு."

"அது அவங்க சட்டமா, இல்லை நாமளே தலையாட்டினதா? யாராச்சும் கேட்டுப் பார்த்தோமா?"

அர்ச்சுனன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு ஐம்பத்தாறு.

முடிவு ஆ: அவள் தன் பெயரை

6

இலையில் பாயசம் விழுந்தது. "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று தேவன் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லாதீங்க, அண்ணே" என்றேன். என்ன நடந்ததென்று தெரிந்துவிட்டால், அதுதான் சரி என்று எழுதிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றுக்குக் கீழே ஒரு வெற்று வரியைத் திறந்து வைத்திருக்கிறாள் கலாதேவி. மேலே அண்ணன் பெயர். பின்னால் அறுபத்திரண்டு கதவுகள். இன்னும் நாலு நிமிடம். ஒன்பது பேருக்குப் பக்கத்தில் பத்தாவது நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். அவள் உங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.