மணலுக்குள் போன அறை

முதலில் அமிழ்ந்தது கதவா ஜன்னலா என்பதில் இப்போது சந்தேகமாக இருக்கிறது. வருடங்களாகிவிட்டன, ஞாபகம் முன்பின் புரண்டிருக்கலாம். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் தங்கை, அறையோடு சேர்ந்து தரைக்குள் இறங்கியதில் சந்தேகமில்லை.

பெற்றவர்கள் போனபின் அந்த வீட்டில் மூன்று பேர், மூன்று அறைகள். பஸ் ஓட்டும் அண்ணன், நடுவில் கடைக்காரர், தையல் மிஷினே கதியென்று கிடந்த தங்கை. கடைக்காரர் கூடத்தில் ஒரு சின்ன மீன்தொட்டி வைத்து, மீன் விடாமல், ஆளுக்கொரு செடி நட்டார். அண்ணனுக்கு நாடா போல நீளும் வாலிஸ்னேரியா, தனக்கு இறகு போன்ற கபோம்பா, தங்கைக்குத் தடித்த இலை அனுபியாஸ். அன்று காலைதான் அவள், துறைமுக ஊரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டு, அவள் செடி ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டு முழுவதும் மறைய மணலுக்குள் அழுத்தினார்.

வாலிஸ்னேரியா பக்கவேர் விட்டுத் தொட்டியெங்கும் பரவியது. அண்ணனின் அறையும் நீண்டது. கட்டிலிலிருந்து அலமாரிக்குப் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வெளிச்சம் கிடைக்காத கபோம்பா இலை உதிர்த்தபோது கடைக்காரரின் சுவர்கள் சுண்ணாம்பு உதிர்த்தன. அவர் பெருக்கித் தள்ளினார். தங்கையின் அறை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

"குனிஞ்சு குனிஞ்சு கூனே விழுந்துரும் போல," என்றாள் முதலில். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு மாலை, கதவின் மேல்விளிம்பில் கை நுழையும் இடைவெளிதான் மிச்சம். அவள் உள்ளே இருந்தாள்.

"எல்லாம் உங்க செடியாலதாண்ணே. அடைச்சிக்கிட்டு நிக்குது," என்று கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டுடா! என் ரூமு போனா மயிரே போச்சு. அவ மூச்சு முட்டிச் சாகப் போறா!"

வெட்டினார். அண்ணனின் அறை படக்கென்று சுருங்கி, கட்டிலின் கால்கள் முறிந்தன. தங்கையின் அறை இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது.

கடைக்காரர் தொட்டிக்குள் கையை விட்டார். அனுபியாஸின் அடி கொழகொழவென்று இருந்தது. வேர்தான் மண்ணுக்குள் இருக்கவேண்டியது. தண்டு மூச்சுவிட வெளியே இருக்கவேண்டும். அழுகியது அவர் அழுத்திய இடம். அதைக் கிள்ளியெறிந்து செடியை மேலே தூக்கினார். வீடு குலுங்கியது. தரை ஓடுகள் வெடிக்க, கதவு பாதிவரை எழும்பியது. அவர் அவசரமாக ஒரு கல்லைத் தேடி, செடியை அதன்மேல் வைத்துக் கட்ட நூலை எடுத்தார்.

இடைவெளி வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டாதண்ணா."

"கட்டலேன்னா நிக்காதும்மா."

"எனக்குத் தெரியும்."

கடைக்காரர் நூலை விரலில் சுற்றினார். அண்ணன்தான், "விட்டுத் தொலைடா," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நூல் கையிலேயே இருந்தது. செடியை விட்டார். அது மிதந்தது. அறை, தையல் மிஷினும் அவளுமாகத் தரையை விட்டுக் கிளம்பி, பக்கத்து மாடியில் காய்ந்த துணிகளை உரசிக்கொண்டு தெற்கே போனது.

இப்போது அது துறைமுக ஊரில் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே, தரையில் படாமல் நிற்கிறது. அவள் ஏணி வைத்து ஏறுகிறாள், பாய்மரத் துணி தைக்கிறாள். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், சின்ன அறையில் பாய் விரித்துப் படுக்கிறார். கடைக்காரருக்குக் கல்யாணமாகி ஒரு பெண். வீட்டில் அறை இருந்த இடத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்.